சுழலும் தர்வேஷ்களுக்குத் தலை சுற்றாதா?

கேள்வி இதுதான்: துருக்கியில் வெள்ளைப் பாவாடையும் உயரமான தொப்பியுமாகச் சுழலும் தர்வேஷ்கள் என்ற சூஃபிகளுக்கு, அதாவது இஸ்லாமிய ஞானவழியினருக்கு, தலை சுற்றாதா, அப்படிச் சுழன்று ஒரு மயக்க நிலைக்குப் போவதுதான் நோக்கமா, இஸ்லாத்தில் இதற்கு இடம் உண்டா, நாமும் வீட்டில் முயன்று பார்க்கலாமா. நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மயக்கம் என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சடங்கில் ஒன்றுமே புரியாது. ஒரு கூடத்தில் பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் சுழல்கிறார்கள், ஒவ்வொருவரின் பாவாடையும் விரிந்து பெரிய வட்டமாக நிற்கிறது, தன்னைத்தானே சுற்றிக்கொண்டே கூடத்தையும் சுற்றி நகர்கிறார்கள், அதிலும் யாரும் யார் மேலும் இடிப்பதில்லை. நினைவு தப்பிய ஒருவர் இதைச் செய்ய முடியுமா? அரை நிமிடத்தில் பக்கத்து ஆளைத் தள்ளிவிட்டு விழுந்திருப்பார். கவிஞர் ரூமியின் வழிவந்த மெவ்லவி என்ற சூஃபிப் பிரிவுதான் இப்படிச் சுழல்கிறது, இத்தகைய பிரிவைத் தரீக்கா என்பார்கள், சுழலும் சடங்கை ஸமா என்பார்கள். மெவ்லவி தரீக்காவில் சுழல்கிறவர் தன்னை மறந்து ஆடத் தொடங்கினால் அது குறைதான். நடுவில் நடந்தபடி மேற்பார்க்கும் தலைமை ஸமாக்காரருக்கு அப்படிப்பட்டவரை ஓரங்கட்டும் பொறுப்பும் உண்டு. இறைவனிடம் உருகிப் போவது நோக்கம்தான், ஆனால் கால் தடுமாறாமல் உருக வேண்டும். இந்த ஒரு முரண்தான் மெவ்லவி மரபின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

சரி, தலை சுற்றல். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் நீர்மம். நாம் திரும்பும்போது குழல் உடனே திரும்பிவிடும், நீர்மம் கொஞ்சம் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று தெரிந்துகொள்கிறது. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நீர்மமும் அதே வேகத்துக்கு வந்துவிடும், உணர்வு மங்கிவிடும். சிக்கல் நிற்கும்போது. வாளித் தண்ணீரைச் சுழற்றிவிட்டு வாளியைப் பிடித்து நிறுத்தினால் வாளி நின்றுவிடும், தண்ணீர் நிற்காது இல்லையா, அதேதான் காதுக்குள் நடக்கிறது. உடம்பு நின்றுவிட்டது, காது "இன்னும் சுழல்கிறோம், அதுவும் எதிர்ப்பக்கமாக" என்கிறது. ஆக, சுழலத் தொடங்குவதும் நிற்பதும்தான் கஷ்டம், நடுவில் இருப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

பாலே ஆடுகிறவர்கள் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே உடம்பைத் திருப்பி, கடைசி நொடியில் தலையைச் சட்டென்று வெட்டித் திருப்புவார்கள். மெவ்லவிகள் அதைச் செய்வதே இல்லை. தலை வலது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், கண் திறந்திருக்கும் ஆனால் எதையும் குறிவைத்துப் பார்க்காது, பார்வை இடது கையின் பக்கம் சும்மா தங்கியிருக்கும். சுற்றிலும் உள்ளவை கலங்கி ஓடும், அதைப் பிடிக்க முயலக் கூடாது, அவ்வளவுதான். வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். நின்றவுடன் கைகளைக் குறுக்கே தோளில் வைத்துத் தலை வணங்கி, இரண்டு மூன்று பேராக ஓரமாகச் சேர்ந்து, தோளோடு தோள் சாய்ந்து நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், அழகு மட்டும் அதன் காரணம் இல்லை. சடங்குக்கு முன் சில மணி நேரம் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இத்தனைக்கும் மேலே வருடக்கணக்கான பயிற்சி.

பயிற்சி எப்படி என்றால், ஒரு சதுர மரப்பலகை, நடுவில் வழவழப்பான உருண்டைத் தலை கொண்ட ஓர் ஆணி. இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அந்த ஆணியைக் கவ்விக்கொண்டு சுழல வேண்டும், பாதம் இடம் மாறக் கூடாது. தோல் வழன்று கொப்புளம் வராமல் இருக்கப் பலகையில் உப்புத் தூவுவார்கள். முதலில் கால் சுற்று, அப்புறம் அரைச் சுற்று, பிறகுதான் முழுச் சுற்று. அதுவும் கைகளைத் தோளில் கட்டியபடி. கை விரிப்பது எல்லாம் பின்னால். இடது கால் தூண், அது தரையை விட்டு எழும்பாது. வலது கால் சக்கரம், ஒவ்வொரு முறையும் எழுந்து சுற்றி வந்து இடது காலுக்குப் பக்கத்தில் இறங்கி உடம்பைத் தள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் மனதுக்குள் இறைவன் பெயர். சுழற்சி எப்போதும் இடப்பக்கமாக, அதாவது இதயம் இருக்கும் பக்கமாக. மக்காவில் கஃபாவை வலம் வருகிறவர்களும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள்.

பழைய காலத்தில் இந்த ஆணிப் பலகைக்கு வருவதற்கு முன்பே பாதிப் பேர் ஓடிப் போயிருப்பார்கள். ஏனென்றால் மெவ்லவி மடத்தில் சேர வருகிறவனை நேராக அனுப்புவது சமையலறைக்கு. வாசல் பக்கத்தில் ஒரு தோல் விரிப்பில் மூன்று நாள் மண்டியிட்டு உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களைப் பேசாமல் பார்க்க வேண்டும். அப்புறமும் இருக்கிறேன் என்று சொன்னால் 1001 நாள் ஊழியம். பதினெட்டு வகை வேலைகள், அடுப்புப் பார்ப்பது, கடைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது, காப்பி அரைப்பது, விளக்குத் துடைப்பது, கழிப்பறை கழுவுவது என்று. இடையில் விட்டுவிட்டுப் போனால் போனதுதான், திரும்பி வந்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ரூமியின் மஸ்னவி என்ற நீண்ட கவிதை நூலில் அவரே தன் கையால் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொடக்க ஈரடிகள் பதினெட்டு, அதனால் அவர்களுக்கு அந்த எண் மேல் தனிப் பிரியம். ரூமி வீட்டுச் சமையல்காரரான ஆத்தெஷ்பாஸ் வலீக்கு, ரூமி வாழ்ந்த துருக்கி நகரமான கோன்யாவுக்கு வெளியே மெராம் பக்கம் தனிக் கல்லறையே இருக்கிறது, சமையல்காரரின் சமாதிக்கு இன்றும் ஆட்கள் போய்வருகிறார்கள்! சுழற்சிப் பயிற்சி நடந்ததும் இந்தச் சமையலறையிலேயேதான். ஒரு பக்கம் கொப்பரை கொதிக்கும், இன்னொரு பக்கம் ஆணிப் பலகையில் புதுப் பையன் தள்ளாடிக்கொண்டிருப்பான்.

இதெல்லாம் ரூமி வகுத்த விதியா என்றால், இல்லை. மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1207-இல் பல்கு பகுதியில் பிறந்து, குடும்பத்தோடு மேற்கே நகர்ந்து, செல்ஜுக் ஆட்சியிலிருந்த கோன்யாவில் குடியேறியவர். தகப்பனார் போலவே மார்க்க அறிஞர், மதரஸா ஆசிரியர், ஊரில் பெரிய மதிப்பு. 1244 நவம்பரில் ஷம்ஸ் தப்ரேஸி என்ற நாடோடித் தர்வேஷ் கோன்யாவுக்கு வந்தார், அதோடு அந்த மதிப்பான வாழ்க்கை முடிந்தது. ஷம்ஸ் சில ஆண்டுகளில் ஒரேயடியாகக் காணாமல் போனார், ரூமி கவிதையிலும் இசையிலும் சுழற்சியிலும் இறங்கினார். அவர் சுழன்றது எந்தச் சட்டத்துக்கும் உட்பட்டதல்ல, தோன்றும்போது சுழன்றார், சந்தையிலும் கூட. பொற்கொல்லர் ஸலாஹுத்தீனின் கடை வழியாகப் போகும்போது தங்கத் தகடு அடிக்கும் சுத்தியல் தாளம் காதில் விழுந்து அங்கேயே தெருவில் சுழல ஆரம்பித்துவிட்டார் என்பது தரீக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. 14ஆம் நூற்றாண்டில் அஃப்லாகி தொகுத்த வரலாற்றில் இப்படிப்பட்டவை ஏராளம், பாதி பக்திக் கதை, பாதி வரலாறு, பிரித்தெடுப்பது கஷ்டம். அந்த ஸலாஹுத்தீன் இறந்தபோது பாட்டும் பறையுமாக ஊர்வலம் போய் அடக்கம் செய்தார்கள், கோன்யாவின் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், முகம் சுளித்தார்கள். பெண் சீடர்கள் வீட்டில் கூடி ஸமா நடத்தியதும், ரூமி அங்கே போனபோது ரோஜா இதழ் தூவியதும் அஃப்லாகி எழுத்திலேயே இருக்கிறது. பெண்கள் சுழல்வது அண்மைக்காலப் புதுமை என்று சண்டை போடுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1273 டிசம்பர் 17 மாலை ரூமி இறந்தார். அதற்குப் பிறகுதான் தரீக்கா. மகன் சுல்தான் வலதும் அவருக்குப் பின் வந்தவர்களும் அதற்கு அமைப்பைக் கொடுத்தார்கள், 15ஆம் நூற்றாண்டில் பீர் ஆதில் செலெபி காலத்தில் ஸமா ஏறக்குறைய இன்று நாம் பார்க்கும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஒரு மனிதருக்கு வந்த அடக்க முடியாத வேகத்தை, நூற்றுக்கணக்கான பேர் நூற்றாண்டுக் கணக்கில் செய்யக்கூடிய ஒழுங்காக மாற்றினார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், உயிர் போய்ச் சடங்கு மிஞ்சியது என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரூமி மாதிரி எல்லோரும் தெருவில் சுழன்றிருந்தால் ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும்.

இப்போது சடங்கு. உடையிலிருந்து ஆரம்பிப்போம், முழுக்க மரணம்தான். ஒட்டக ரோமக் கம்பளித் தொப்பி மீசான் கல், அதாவது கல்லறைத் தலைக்கல், வெள்ளைப் பாவாடை கஃபன் துணி, அதாவது பிணத்தைச் சுற்றும் துணி, மேலே போர்த்திய கறுப்பு அங்கி கபுர், அதாவது புதைகுழி. சுழலத் தொடங்கும் முன் கறுப்பு அங்கியைக் கழற்றிப் போடுவது கபுரிலிருந்து எழுவது. மடத்தின் தலைவரான ஷேக் உட்காரும் இடத்தில் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல், ரூமி இறந்த அந்தி வானத்தின் நிறம் என்பார்கள். அந்தத் தோலிலிருந்து எதிர்வாசல் வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்கோடு உண்டு, ஷேக்கைத் தவிர யாரும் அதை மிதிக்க மாட்டார்கள். கடக்க நேர்ந்தால் வணங்கிவிட்டுத்தான்.

முதலில் நபிபுகழ், 17ஆம் நூற்றாண்டு இசைமேதை இத்ரி ராஸ்த் என்ற மகாமில் (நம் ராகம் போன்றது) அமைத்தது, தாளம் இல்லாமல் ஒற்றைக் குரலில் நீண்டு போகும். முடிந்ததும் குதூம் என்ற சிறு இரட்டை முரசில் அடி விழும், "ஆகு" என்ற இறைக்கட்டளை அது. அப்புறம் நே, நாணல் குழல், தனியாக. மஸ்னவி தொடங்குவதே நாணல் காட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்ட குழலின் அழுகையில்தான் என்பதால் இந்த இடத்தில் பழைய ஆட்கள் கண் கலங்குவார்கள். சட்டென்று எல்லோரும் உள்ளங்கையால் தரையில் அறைந்து எழுந்து, சுல்தான் வலதின் பெயரால் மூன்று முறை கூடத்தை மெதுவாகச் சுற்றி நடப்பார்கள். ஷேக்கின் தோலருகே வரும்போது முன்னால் போகிறவர் திரும்பி நிற்க, பின்னால் வருகிறவரோடு முகத்துக்கு முகம் பார்த்துக் குனிந்து வணங்குவார்கள். சுற்றுலா நிகழ்ச்சிகளில் இந்த நடையைத்தான் முதலில் வெட்டிச் சுருக்குகிறார்கள், "எப்ப சுத்துவாங்க" என்று பார்வையாளர்கள் கைபேசியோடு காத்திருப்பதால். என்னைக் கேட்டால் முழுச் சடங்கிலும் ஆழமான இடம் அதுதான்.

பிறகுதான் சுழற்சி, ஸலாம் எனப்படும் நான்கு பகுதிகளாக. தோளில் கட்டிய கைகள் மெல்ல அவிழ்ந்து விரியும், வலது உள்ளங்கை மேலே, இடது கீழே. மேலிருந்து வாங்கியதைக் கீழே கொடுத்துவிடுகிறோம், நமக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். முதல் ஸலாம் தான் படைக்கப்பட்டவன் என்று உணர்வது, இரண்டாவது படைப்பின் ஒழுங்கைக் கண்டு வியப்பது. மூன்றாவதில் இசை நீண்ட தாளத்தில் மெதுவாகத் தொடங்கி, பிறகு ஆறு எண்ணிக்கைத் தாளத்துக்கு மாறி விரைந்துகொண்டே போகும், அங்கேதான் ஃபனா, தான் கரைந்து போவது. சினிமாக்காரர் யாராவது இதை அமைத்திருந்தால் அங்கேயே முடித்திருப்பார். இங்கே நான்காவது இருக்கிறது: தாளம் மறுபடி தணியும், ஷேக்கே தோலைவிட்டு எழுந்து வந்து நடுவில் அங்கியைப் பிடித்தபடி மெதுவாகச் சுழல்வார், எல்லோரும் தங்கள் இடத்திலேயே நின்று சுழல்வார்கள். கரைந்தவன் திரும்பி வந்து அடிமையாக, சாதாரண மனிதனாக வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே அது. கடைசியில் குர்ஆன் ஓதுவார்கள், பெரும்பாலும் கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் முகம் இருக்கிறது என்ற பகரா அத்தியாய வசனம் (2:115). இவ்வளவு நேரம் எல்லாப் பக்கமும் திரும்பியவர்கள் முன் ஓத இதைவிடப் பொருத்தமான வசனம் இருக்க முடியாது. ஃபாத்திஹா அத்தியாயம், துஆ என்ற வேண்டுதல், ஸலாம் சொல்வது, முடிந்தது.

மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் கிடையாது, ஆயிரம் வருடமாக ஓடும் வழக்கு இது. இசை கேட்டு இறைநினைவில் ஆழ்வது பற்றி மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா நூலில் ஒரு பகுதியே ஒதுக்கி, நிபந்தனைகளோடு ஆதரித்தார். உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இசை கிளறும், இறைக்காதல் இருந்தால் அது வளரும், கெட்ட ஆசை இருந்தால் அது வளரும் என்பது அவர் வாதத்தின் சாரம். இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். துருக்கியின் உஸ்மானிய சுல்தான்கள் ஆட்சியிலேயே காதிஸாதேக்காரர்கள் என்ற கண்டிப்பான கூட்டம் காப்பி, புகையிலை எல்லாவற்றோடும் சேர்த்து ஸமாவையும் எதிர்த்தது, வானி மெஹ்மத் எஃபெந்தி என்ற அரண்மனைப் பிரசங்கியின் செல்வாக்கால் 1666-இல் தடையே வந்தது, 1684 வரை நீடித்தது. நூறு வருடம் கழித்து மூன்றாம் செலீம் என்ற சுல்தானே மெவ்லவி அன்பராகவும் நல்ல இசையமைப்பாளராகவும் இருந்தார், காலம் அப்படித் திரும்பியது. எல்லா சூஃபிகளும் சுழல்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். டெல்லி நிஜாமுத்தீனில் சிஷ்தி வழியினருக்கு ஸமா என்றால் கவ்வாலி என்ற பக்திப் பாடலைக் கேட்பது. நம் பக்கம் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவினர் நின்றபடி அசைந்து நடத்தும் ஹழரா என்ற இறைநினைவுக் கூட்டம் உண்டு, நாகூரில் பக்கீர்கள் தாயிரா என்ற கைப்பறை அடித்துப் பாடுவார்கள், ஆனால் மெவ்லவிச் சுழற்சி இங்கே வேர் பிடிக்கவில்லை. கெய்ரோவில் பல நிறப் பாவாடையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றும் தன்னூரா இதிலிருந்து கிளைத்த நாட்டார் கலை, வித்தை காட்டுவதும் அதில் சேர்த்தி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இது வழிபாடா, காட்சியா என்ற சந்தேகம் பலருக்கும் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. 1920-இல் அங்காராவில் கூடிய முதல் தேசிய சபையில் மெவ்லவி தலைவர் அப்துல்ஹலீம் செலெபி துணைத் தலைவர்களில் ஒருவர். ஐந்தே வருடம், 1925 நவம்பரில் 677ஆம் எண் சட்டம் எல்லாத் தரீக்கா மடங்களையும் மூடியது, ஷேக், தர்வேஷ் என்ற பட்டங்களையும் சேர்த்தே தடை செய்தது. கோன்யா மடம் 1927-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது, தரீக்காவின் தலைமை அலெப்போவுக்குப் போனது. 1953-இல் கோன்யாவில் ரூமி நினைவு நாளுக்கு மறுபடி ஸமா அனுமதிக்கப்பட்டபோது அது பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில்தான், அதுவும் ஒரு சினிமாக் கொட்டகையில்! இளமையில் சமையலறை ஊழியம் முடித்த கிழவர்கள் கொஞ்சப் பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள், அதனால் முறை அறுபடாமல் கைமாறியது. அந்தச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை, ஆக சட்டப்படி அங்கே தர்வேஷே கிடையாது, மேடையில் சுழல்கிறவர் கலைஞர். 2005-இல் யுனெஸ்கோ இதை மனிதகுல மரபாக அறிவித்தது, 2008-இல் பட்டியலில் சேர்த்தது, கூடவே வியாபாரத்துக்காகச் சடங்கு சுருக்கப்படுவதையும் சுட்டிக்காட்டியது. உணவு விடுதியில் கபாபுக்கு நடுவே இரண்டு பேரைச் சுழலவிடுவதைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் மேடை என்ற அந்தச் சாக்கு இல்லாவிட்டால் சுழலத் தெரிந்த கடைசித் தலைமுறையோடு எல்லாம் முடிந்திருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் டிசம்பர் 17-ஐ ஒட்டிய நாட்களில் கோன்யா. ரூமி இறைவனோடு கூடிய மணநாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள், நம் தர்காக்களில் உரூஸ் நடப்பதும் அதே கருத்தில்தான். இஸ்தான்புல்லில் 1491-இல் நிறுவப்பட்ட கலாதா மடம் இப்போது அருங்காட்சியகம், அதன் எண்கோண ஸமா கூடத்தை சும்மா பார்ப்பதற்கே போகலாம். ஸமா நடக்கும்போது கை தட்டாதீர்கள். இன்னொன்று, "வா, வா, நீ யாராக இருந்தாலும் வா" என்று அங்கே கடைக்குக் கடை தட்டில் எழுதி விற்கும் கவிதை ரூமியுடையது இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து, அவருக்கு முந்தைய சூஃபியான அபூ ஸயீத் பெயரில் வழங்கி வந்தது, வாங்குவதானால் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டில் முயலலாமா? உள்காதுக் கோளாறு, இரத்த அழுத்தம், வலிப்பு எதுவும் இல்லையென்றால் முயலலாம், ஆனால் யூடியூபில் பார்த்த வேகத்தில் ஆரம்பிக்காதீர்கள். மேசை முனை, கண்ணாடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடம், வழுக்காத ஆனால் பாதம் திரும்பக்கூடிய தரை. கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு, இடது பாதத்தை ஊன்றி, கால் சுற்று, நிறுத்தம், மறுபடி கால் சுற்று. பல நாள் அதையே செய்யுங்கள், சலிக்கும், சலிக்கட்டும். முழுச் சுற்று வந்த பிறகும் வேகத்தைக் கூட்டுவதைவிடச் சீராக வைப்பதில்தான் கவனம் வேண்டும். நிற்கும்போது மெதுவாகக் குறைத்து நிறுத்தி, கண்ணை மூடாமல் கையையோ தரையில் ஓர் இடத்தையோ பார்த்தபடி நில்லுங்கள், குமட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு மட்டும் வேண்டவே வேண்டாம்.